தேவ அன்புக்கு விலையில்லை. பிறகு கிறிஸ்தவ வாழ்க்கை ஏன் இவ்வளவு கடினம்?

கிறிஸ்தவ விசுவாசத்துக்குப் புதிதாக வருபவர் சில வாரங்களிலேயே இரண்டு செய்திகளைக் கேட்டுவிடுவார். ஒரு ஞாயிறு பிரசங்கம், "நீங்கள் இருக்கிற நிலையிலேயே கடவுள் உங்களை நேசிக்கிறார், அதற்கு நிபந்தனையே கிடையாது" என்று சொல்லும். அடுத்த ஞாயிறு, "சிலுவையை எடுத்துக்கொண்டு பின்பற்றுங்கள், பகைவரை நேசியுங்கள், ஏழெழுபது தரம் மன்னியுங்கள்" என்று கேட்பார். முதலாவது உண்மையென்றால் இரண்டாவது எதற்கு? இரண்டாவது கட்டாயமென்றால் முதலாவதை எப்படி இலவசம் என்று சொல்ல முடியும்? பல ஆண்டுகளாகக் கோயிலுக்குப் போகிறவர்களும் இந்தக் கேள்வியை மனதுக்குள் வைத்துக்கொண்டு வெளியே கேட்காமல் இருக்கிறார்கள்.

இதற்கு விடை வரிசையில் இருக்கிறது. எது முன்னால் வருகிறது, எது பின்னால் வருகிறது என்பதுதான் விஷயம். கடவுளின் அன்பு முதலில் வருகிறது, வாழ்க்கை மாற்றம் அதிலிருந்து பிறக்கிறது. வரிசையைத் திருப்பிப் போட்டால் பயமும் பேரமும் மிஞ்சும். இரண்டாவது பாதியை வெட்டிவிட்டால் வெறும் ஆறுதல் வார்த்தைதான் மிஞ்சும்.

வேதாகமம் இந்த வரிசையைத் தொடக்கத்திலிருந்தே கவனமாகக் காக்கிறது. பத்துக் கட்டளைகள் யாத்திராகமம் 20-ம் அதிகாரத்தில் வருகின்றன. முதல் கட்டளை 3-ம் வசனத்தில்தான் இருக்கிறது. அதற்கு முந்தின 2-ம் வசனம், "உன்னை அடிமைத்தன வீடாகிய எகிப்து தேசத்திலிருந்து புறப்படப்பண்ணின உன் தேவனாகிய கர்த்தர் நானே" என்கிறது. விடுதலை நடந்து முடிந்துவிட்டது, செங்கடலைக் கடந்தாகிவிட்டது, அதற்குப் பிறகே சீனாய் மலையில் கட்டளை கொடுக்கப்படுகிறது. "இவற்றைக் கைக்கொண்டால் உங்களை எகிப்திலிருந்து மீட்பேன்" என்று கடவுள் சொல்லவில்லை. உபாகமம் 7-ம் அதிகாரம் இன்னும் வெளிப்படையானது. நீங்கள் திரளான ஜனமென்று கர்த்தர் உங்களைத் தெரிந்துகொள்ளவில்லை, நீங்கள் எல்லா ஜனங்களிலும் கொஞ்சமாயிருந்தீர்கள், அவர் உங்களில் அன்புகூர்ந்தார், அவ்வளவுதான் என்கிறது. அன்புக்குக் காரணம் நேசிக்கப்படுகிறவரிடம் இல்லை, நேசிக்கிறவரிடம் இருக்கிறது.

புதிய ஏற்பாட்டில் இதே செய்தியைப் பவுல் ஒரே வசனத்தில் வைக்கிறார்: "நாம் பாவிகளாயிருக்கையில் கிறிஸ்து நமக்காக மரித்ததினாலே, தேவன் நம்மேல் வைத்த தமது அன்பை விளங்கப்பண்ணுகிறார்" (ரோமர் 5:8). "பாவிகளாயிருக்கையில்" என்ற காலக் குறிப்பைக் கவனியுங்கள். மனந்திரும்பிய பிறகு என்றோ, மனந்திரும்புவோம் என்ற நம்பிக்கையில் என்றோ அங்கே எழுதப்படவில்லை.

அப்படியானால் கடவுளுக்கு நாம் எப்படி இருந்தாலும் ஒன்றுதானா? இல்லை. நேசிப்பது ஒன்று, செய்கிற எல்லாவற்றையும் சரி என்று ஒப்புக்கொள்வது வேறொன்று. எரிகோவின் சகேயு ஆயக்காரருக்குத் தலைவன், ரோமப் பேரரசுக்காக வரி வசூலித்து இடையில் சுருட்டியவன். மரத்தில் ஏறியிருந்தவனைப் பார்த்து இயேசு, இறங்கி வா, இன்றைக்கு உன் வீட்டில் தங்க வேண்டும் என்கிறார். அந்த நேரம்வரை சகேயு எதற்கும் வருந்தியதாக லூக்கா எழுதவில்லை. இயேசு அவன் வீட்டுக்குப் போனதைக் கண்டு ஊரே முறுமுறுத்த பிறகுதான் அவன் எழுந்து நின்று, ஆஸ்தியில் பாதியை ஏழைகளுக்குக் கொடுப்பதாகவும், ஏமாற்றி வாங்கியதை நாலு மடங்காகத் திருப்பித் தருவதாகவும் சொல்கிறான். தானே அறிக்கையிட்டுத் திருப்பிக் கொடுப்பவனிடம் மோசேயின் சட்டமாகிய நியாயப்பிரமாணம் கேட்டது முதலும் அதோடு ஐந்தில் ஒரு பங்கும்தான் (எண்ணாகமம் 5:7). சகேயு அதைவிடப் பல மடங்கு போகிறான். விருந்தினராக வந்தவர் எந்த நிபந்தனையும் வைக்காமல் வந்ததால்தான் அந்தக் கை அவ்வளவு தாராளமாகத் திறந்தது. விபசாரத்தில் பிடிபட்ட பெண்ணிடம் பேசியபோதும் இதே வரிசைதான்: "நானும் உன்னை ஆக்கினைக்குள்ளாகத் தீர்க்கிறதில்லை" என்பது முதலில், "நீ போ, இனிப் பாவஞ்செய்யாதே" என்பது பிறகு. இதில் ஒரு பாதியை மட்டும் மேற்கோள் காட்டும் பிரசங்கத்தை நம்பாதீர்கள்.

இரண்டு மகன்கள்

லூக்கா 15-ம் அதிகாரத்தில் வரும் ஒரு கதையைக் "கெட்ட குமாரன் உவமை" என்று அழைத்துப் பழகிவிட்டோம். உண்மையில் அதில் இரண்டு மகன்கள் இருக்கிறார்கள், இரண்டு பேருமே அப்பாவின் அன்பைத் தவறாகப் புரிந்துகொண்டவர்கள். கிறிஸ்தவ வாழ்க்கையில் தடுமாறும் எவரும் இந்த இருவரில் ஒருவராக இருப்பார். சில நாள் இளையவராகவும் சில நாள் மூத்தவராகவும் இருக்கலாம்.

இளையவன் அப்பா உயிரோடு இருக்கும்போதே பங்கு கேட்கிறான். மூத்த மகனுக்கு இரட்டைப் பங்கு என்பது உபாகமம் 21-ல் உள்ள சட்டம், ஆகவே இளையவனுக்கு மூன்றில் ஒரு பங்கு. அதைத் தொலைத்துவிட்டுப் பன்றித் தவிட்டுக்கு ஏங்கும் நிலையில் திரும்ப முடிவுசெய்து, வழியில் பேச ஒரு வசனத்தைத் தயார் செய்கிறான். அதில் மூன்று பகுதிகள்: பாவம் செய்தேன், உம்முடைய குமாரன் என்று சொல்லப்படப் பாத்திரனல்ல, உம்முடைய கூலிக்காரரில் ஒருவனாக என்னை வைத்துக்கொள்ளும். 18, 19 வசனங்களையும் 21-ம் வசனத்தையும் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். அப்பாவிடம் உண்மையில் பேசும்போது மூன்றாவது பகுதி வரவே இல்லை. தூரத்தில் கண்டபோதே அப்பா ஓடிவந்து கட்டிக்கொண்டுவிட்டார். கூலி பற்றிய பேச்சு வாயிலிருந்து வருவதற்கு முன்பே வஸ்திரம், மோதிரம், பாதரட்சை என்று ஆணை போய்விட்டது. "உழைத்துக் கடனை அடைத்துவிடுகிறேன்" என்கிற திட்டத்தை அப்பா மறுத்துப் பேசக்கூட இல்லை. அதற்கு இடமே கொடுக்கவில்லை.

மூத்தவன் வயலிலிருந்து வருகிறான். அவன் புகாரைக் கேளுங்கள்: "இத்தனை வருஷகாலமாய் நான் உமக்கு ஊழியஞ்செய்து, ஒருக்காலும் உம்முடைய கற்பனையை மீறாதிருந்தும்" ஒரு ஆட்டுக்குட்டிகூடத் தரவில்லை என்கிறான். வீட்டிலேயே இருந்தும் அவன் மனதில் சம்பளக் கணக்குதான் ஓடிக்கொண்டிருந்தது. இளையவன் கூலிக்காரனாக ஆகலாம் என்று திட்டமிட்டான், மூத்தவன் பல ஆண்டுகளாக அப்படியே வாழ்ந்துவிட்டான். "எனக்குள்ளதெல்லாம் உன்னுடையதாயிருக்கிறது" என்று அப்பா சொல்வது மனதைத் தேற்றும் பேச்சு மட்டுமல்ல, சொத்துக் கணக்கின்படியும் அது உண்மை. இளையவன் பங்கு போய்விட்டது, மீதி எல்லாம் மூத்தவனுக்குச் சேர வேண்டியது. அப்படியானால் அன்று அடிக்கப்பட்ட கொழுத்த கன்றும் அவனுக்கு வரவேண்டியதிலிருந்துதான் போகிறது. மன்னிப்பு பெறுகிறவனுக்கு இலவசம், ஆனால் யாரோ ஒருவர் அதன் செலவை ஏற்கிறார். சிலுவையைப் பற்றிக் கிறிஸ்தவர்கள் சொல்வதும் இதையே.

உவமை, மூத்தவன் உள்ளே போனானா இல்லையா என்று சொல்லாமலே நின்றுவிடுகிறது. பாவிகளோடு இயேசு சாப்பிடுகிறார் என்று முறுமுறுத்த யூத மதத் தலைவர்களாகிய பரிசேயருக்கும் வேதபாரகருக்கும் சொல்லப்பட்ட கதை அது. முடிவை அவர்களே வாழ்ந்து எழுத வேண்டியிருந்தது.

பேரமும் மலிவும்

மூத்தவனின் வழியில் போகிறவர்கள் கடவுளோடு பேரம் பேசுகிறார்கள். தசமபாகம் (வருமானத்தில் பத்தில் ஒரு பங்கு காணிக்கை) தவறினால் வியாபாரம் படுத்துவிடும், ஜெபக்கூட்டத்துக்குப் போகாததால் பிள்ளைக்குக் காய்ச்சல், நேர்ச்சையை நிறைவேற்றாததால் வேலை கிடைக்கவில்லை என்று கணக்குப் போடுவார்கள். நேர்ச்சையோ பொருத்தனையோ தவறில்லை, நன்றியின் வெளிப்பாடாக இருக்கும்வரை அவை அழகானவை. "இதைக் கொடுத்தால்தான் கடவுள் அதைக் கொடுப்பார்" என்று ஆகும்போது அவை லஞ்சமாக மாறுகின்றன. துன்பத்தைத் தண்டனையாகப் படிக்கும் பழக்கத்தை இயேசுவே இரண்டு இடங்களில் வெட்டிவிடுகிறார். சீலோவாம் கோபுரம் விழுந்து செத்த 18 பேர் எருசலேமிலிருந்த மற்றவர்களைவிடக் குற்றவாளிகளல்ல என்கிறார் (லூக்கா 13:4). பிறவிக் குருடனைப் பற்றி, இவன் செய்த பாவமுமல்ல, பெற்றோர் செய்த பாவமுமல்ல என்கிறார் (யோவான் 9:3). ஆகவே, நோயாளியின் படுக்கையருகே நின்று "உனக்கு விசுவாசம் போதாது" என்று சொல்பவர் இயேசுவின் பக்கத்தில் நிற்கவில்லை. அதைக் கேட்டு உடைந்துபோனவர்கள் நம் சபைகளில் ஏராளம்.

பேரத்தின் முற்றிய வடிவம் மனச்சாட்சியின் சித்திரவதை. மார்ட்டின் லூத்தர் துறவியாக இருந்த காலத்தில் பாவசங்கீர்த்தனத்தில் (குருவிடம் பாவங்களை அறிக்கையிடுவதில்) மணிக்கணக்கில் உட்கார்ந்து, எதையாவது விட்டுவிட்டோமோ என்று திரும்பத் திரும்ப வந்து, தன் ஆன்மிக வழிகாட்டி ஸ்டாப்பிட்ஸைக் களைப்படையச் செய்தார். கிருபை பற்றிய அவருடைய கண்டுபிடிப்பு இந்த வேதனையிலிருந்துதான் வந்தது. அதை வைத்து 16-ம் நூற்றாண்டில் திருச்சபை பிளந்தது. ஆனாலும் 1999 அக்டோபர் 31 அன்று ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில் உலக லூத்தரன் கூட்டமைப்பும் கத்தோலிக்கத் திருச்சபையும் ஒரு கூட்டறிக்கையில் கையெழுத்திட்டன. நம் தகுதியால் அல்ல, கிருபையினாலேயே கடவுள் நம்மை ஏற்றுக்கொள்கிறார், அந்த ஏற்பு நம்மை நற்செயலுக்கு அழைக்கிறது என்பதில் இரு தரப்பும் ஒத்துப்போவதாக அதில் அறிவித்தன. 2006-ல் மெதடிஸ்டுகளும் சேர்ந்துகொண்டார்கள். "கிருபையா கிரியையா" என்று சபைகளுக்கிடையே இன்றும் சண்டை மூட்டுகிறவர்கள் இந்த அறிக்கையைக் கொஞ்சம் படித்துப் பார்க்கலாம்.

இன்னொரு பக்கம் இருப்பது, "கடவுள்தான் மன்னித்துவிடுவாரே" என்கிற வழி. இதைப் பவுல் முன்கூட்டியே பார்த்துவிட்டார்: கிருபை பெருகும்படிக்குப் பாவத்திலே நிலைநிற்கலாமா, கூடாதே என்கிறார் (ரோமர் 6:1, 2). ஜெர்மானிய இறையியலாளர் டீட்ரிக் போன்ஹோஃபர் 1937-ல் இதற்கு "மலிவான கிருபை" என்று பெயர் வைத்தார். மனந்திரும்புதல் இல்லாத மன்னிப்பு, சீஷத்துவம் (இயேசுவைப் பின்பற்றி வாழ்வது) இல்லாத கிருபை என்பதே அவர் சொன்னதன் சாரம். ஹிட்லரின் ஆட்சிக்கு ஜெர்மனியின் பல சபைகள் தலையாட்டிக்கொண்டிருந்த காலம் அது. ஞாயிற்றுக்கிழமை பாவமன்னிப்பு கிடைத்துவிடுகிறது, திங்கட்கிழமை பக்கத்து வீட்டு யூதருக்கு என்ன நடக்கிறது என்று பார்க்கத் தேவையில்லை என்ற மனநிலையை அவர் கண்ணெதிரே கண்டார். 1945 ஏப்ரல் 9 அன்று ஃப்ளோசன்பர்க் முகாமில் அவர் தூக்கிலிடப்பட்டார்.

6 கோடி நாள் கூலிக் கடன்

கிறிஸ்தவ வாழ்க்கையின் உண்மையான கடினம் கடவுளை நேசிப்பதில் தொடங்குவதில்லை, பக்கத்தில் இருப்பவரை நேசிப்பதில் தொடங்குகிறது. "தான் கண்ட சகோதரனிடத்தில் அன்புகூராமலிருக்கிறவன், தான் காணாத தேவனிடத்தில் எப்படி அன்புகூருவான்?" என்று யோவான் கேட்கிறார். அதிலும் கடினமானது மன்னிப்பு. ஆகவே இதைக் கொஞ்சம் விரிவாகப் பார்ப்போம்.

மத்தேயு 18-ல் இயேசு ஒரு கடன் கணக்கு சொல்கிறார். ஒரு வேலைக்காரன் ராஜாவுக்குப் பதினாயிரம் தாலந்து கடன்பட்டிருக்கிறான். அவனுக்கு இன்னொருவன் நூறு வெள்ளிப்பணம் தரவேண்டும். ஒரு வெள்ளிப்பணம் என்பது அன்றைய நாள்கூலி. ஒரு தாலந்து ஏறக்குறைய 6,000 வெள்ளிப்பணம். அப்படியானால் முதல் கடன் 6 கோடி நாள் கூலி. வருடத்துக்கு 300 நாள் உழைத்தாலும் அடைக்க 2 லட்சம் ஆண்டுகள் ஆகும். இரண்டாவது கடன் 100 நாள் கூலி. இன்று நாள்கூலி 700 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், ஒன்று 4,200 கோடி ரூபாய், மற்றது 70,000 ரூபாய்.

இங்கே இரண்டு விஷயங்கள் உண்டு. "எனக்குக் கொஞ்சம் தவணை கொடும், எல்லாவற்றையும் அடைத்துவிடுகிறேன்" என்று அந்த வேலைக்காரன் கெஞ்சுகிறான். 2 லட்சம் ஆண்டுக் கடனுக்குத் தவணை கேட்கிறான்! ராஜா இரங்கி முழுக் கடனையும் தள்ளுபடி செய்கிறார். கடன் தள்ளுபடியான பிறகும் அவன் மனதில் தவணைக் கணக்குதான் இருந்திருக்க வேண்டும், அதனால்தான் வெளியே வந்ததும் அடுத்தவன் கழுத்தைப் பிடிக்கிறான். மன்னிப்பைக் காதால் கேட்டும் உள்ளே வாங்கிக்கொள்ளாதவனால் மன்னிக்க முடியாது. "நீங்கள் மன்னியாதிருந்தால் உங்கள் பிதாவும் மன்னியாதிருப்பார்" என்ற கடினமான வசனத்தையும் (மத்தேயு 6:15) இந்த வெளிச்சத்தில்தான் படிக்க வேண்டும். மன்னிப்பது கடவுளின் மன்னிப்புக்கு நாம் கட்டும் விலையல்ல, நாம் யாரையும் மன்னிப்பதற்கு முன்பே ராஜா இரங்கிவிட்டார். ஆனால் இறுக மூடிய கையில் எதையும் வைக்க முடியாது.

இரண்டாவது விஷயத்தைப் பலர் தவறவிடுகிறார்கள்: 70,000 ரூபாய் சின்னத் தொகை இல்லை. கூலி வேலை செய்பவருக்கு அது நாலு மாத வாழ்க்கை. நமக்கு இழைக்கப்பட்ட அநீதி ஒன்றுமில்லை என்று இயேசு சொல்லவில்லை. அதனால் "பரவாயில்லை, விடு" என்பது மன்னிப்பாகாது. அளந்து பார்த்த பிறகுதான் தள்ளுபடி செய்ய முடியும்.

நடைமுறையில் இதை இப்படிச் செய்யலாம். நடந்த தவற்றை ஒரு தாளில் கூட்டாமல் குறைக்காமல் எழுதுங்கள்: யார், என்ன செய்தார், அதனால் நீங்கள் எதை இழந்தீர்கள். பணமா, பெயரா, ஆண்டுகளா என்று குறிப்பாக எழுதினால் கோபம் உருவம் பெறும். உருவமில்லாத கோபத்தை மன்னிக்க முடியாது. பிறகு பழிவாங்கும் உரிமையை மட்டும் ஜெபத்தில் கடவுளிடம் ஒப்படையுங்கள். அந்த நபரின் பெயரைச் சொல்லி அவருக்கு ஒரு நன்மையைக் கேளுங்கள். "அவரை மாற்றும்" என்று கேட்பது எளிது, அவருடைய பிள்ளையின் படிப்புக்காகவோ உடல்நலத்துக்காகவோ கேட்டுப் பாருங்கள். உள்ளுக்குள் எதிர்ப்பு எழும். 13-ம் நூற்றாண்டில் தாமஸ் அக்குவினாஸ் அன்பை, மற்றவருக்கு நன்மையை விரும்புவது என்று விளக்கினார். விருப்பம் என்பது தீர்மானம், ஆகவே வெறுப்பு இன்னும் கொதித்துக்கொண்டிருக்கும்போதே இந்த ஜெபத்தை உண்மையாகச் செய்யலாம். அடுத்த வாரம் கோபம் திரும்பி வரும். மன்னிப்பு தோற்றுவிட்டது என்று நினைக்க வேண்டாம். ஏழெழுபது தரம் என்பது ஒரே காயத்துக்கும் பொருந்தும்.

பெரிய குழப்பம் எங்கே வருகிறதென்றால், மன்னிப்பு, ஒப்புரவு (முறிந்த உறவு மறுபடி சேர்வது), நம்பிக்கை ஆகிய மூன்றையும் ஒன்றாகக் கலப்பதில். மன்னிப்பை நீங்கள் தனியாகவே செய்யலாம். ஒப்புரவுக்கு இரண்டு பேரும் வேண்டும். நம்பிக்கை காலத்தால்தான் திரும்பும். யோசேப்பைப் பாருங்கள். 17 வயதில் சகோதரர்களால் விற்கப்பட்டார், 30 வயதில் எகிப்தின் மன்னன் பார்வோன் முன் நின்றார், ஏழு செழிப்பான ஆண்டுகளும் பஞ்சத்தின் இரண்டு ஆண்டுகளும் கடந்து 39 வயதளவில் தன்னை வெளிப்படுத்தினார். சகோதரர்கள் முதன்முறை தானியம் வாங்க வந்தபோதே அவர்கள் சாக்குகளை நிரப்பி, பணத்தையும் திருப்பி வைத்து அனுப்பினார். ஆனால் தான் யாரென்று சொல்லவில்லை. ஒரு காலத்தில் தம்பியை விற்கச் சொன்ன அதே யூதா, கடைசித் தம்பி பென்யமீனுக்குப் பதிலாகத் தன்னை அடிமையாக வைத்துக்கொள்ளும்படி கெஞ்சியபோதுதான் யோசேப்பு அழுது உண்மையைச் சொன்னார். உணவை மறுக்கவில்லை, நம்பிக்கைக்கு மட்டும் காத்திருந்தார்.

மன்னிப்பும் சட்டமும் ஒன்றையொன்று ரத்து செய்வதில்லை. 1999 ஜனவரியில் ஒடிசாவின் மனோகர்பூரில் ஆஸ்திரேலிய மிஷனரி கிரகாம் ஸ்டெயின்ஸும் அவருடைய இரண்டு மகன்களும், 10 வயது பிலிப்பும் 6 வயது திமொத்தேயுவும், வண்டிக்குள் தூங்கிக்கொண்டிருந்தபோது எரித்துக் கொல்லப்பட்டார்கள். கொன்றவர்களை மன்னிப்பதாக மனைவி கிளாடிஸ் வெளிப்படையாக அறிவித்து, பாரிபதாவில் தொழுநோயாளர் பணியைத் தொடர்ந்தார். 2005-ல் பத்மஸ்ரீ விருது பெற்றார். வழக்கு அதன் பாதையில் போனது. முக்கியக் குற்றவாளிக்கு உயர் நீதிமன்றம் விதித்த ஆயுள் தண்டனையை 2011-ல் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது. கிளாடிஸின் மன்னிப்பு அந்தத் தீர்ப்பைத் தடுக்கவில்லை, தீர்ப்பு அவருடைய மன்னிப்பைக் குறைக்கவும் இல்லை.

இதைச் சொல்வதற்கு ஒரு அவசரமான காரணம் உண்டு. வீட்டில் அடிவாங்கும் பெண்ணிடம் "மன்னித்துப் பொறுத்துப் போம்மா" என்று சொல்லும் மூப்பர்களும் போதகர்களும் இன்னும் இருக்கிறார்கள். அடிக்கிறவரை அடிக்க விடுவது அவருக்கு நன்மை விரும்புவதாகாது. அவர் மன்னிக்கப்படலாம், அவள் பாதுகாப்பான இடத்துக்குப் போயாக வேண்டும். பெண்களுக்கான உதவி எண் 181, குழந்தைகளுக்கு 1098. குழந்தைகள்மீதான பாலியல் குற்றம் தெரிந்தும் புகார் செய்யாமல் இருப்பது 2012-ம் ஆண்டின் போக்சோ சட்டப்படி தானே ஒரு குற்றம். "சபையின் பெயர் கெடும்" என்று மூடிமறைப்பதற்குக் கிருபை என்று பெயர் சூட்டக் கூடாது.

பந்தியில் யார் உட்காருகிறார்கள்

நிபந்தனையற்ற அன்பை நம்புகிறோமா என்று தமிழ்க் கிறிஸ்தவர்களைச் சோதிக்கும் இடம் சாதி. ஜெபத்திலும் பாடலிலும் சகோதரர் என்கிறோம், கல்யாணப் பேச்சு வந்ததும் நிபந்தனைகள் வரிசையாக வெளியே வருகின்றன. 1833-ல் கல்கத்தாவின் ஆங்கிலிக்கன் ஆயர் டேனியல் வில்சன், தென்னிந்தியச் சபைகளில் சாதி வேறுபாடு உறுதியாக, உடனடியாக, முற்றிலுமாகக் கைவிடப்பட வேண்டும் என்று கடிதம் எழுதினார். சென்னை வேப்பேரியிலும் தஞ்சாவூரிலும் கடும் எதிர்ப்பு எழுந்தது, பலர் சபையை விட்டே வெளியேறினார்கள். ஏறக்குறைய 200 ஆண்டுகள் ஆகப்போகின்றன. பிரிக்கப்பட்ட கல்லறைத் தோட்டங்கள் தமிழ்நாட்டில் இன்னும் உண்டு. பொன்மோதிரம் போட்டவனுக்கு நல்ல இடமும் ஏழைக்குக் காலடியில் இடமும் கொடுப்பதை யாக்கோபு 2-ம் அதிகாரம் பாவம் என்றே அழைக்கிறது. கடவுள் பிறப்பைப் பார்த்து நேசிக்கவில்லை என்று அறிக்கையிடும் வாயால் பிறப்பைக் கேட்பது, உவமையில் வரும் அந்த வேலைக்காரன் செய்ததுதான். தனிப்பட்ட பக்தி எவ்வளவு ஆழமாக இருந்தாலும் இதற்கு ஈடாகாது.

தினமும் என்ன செய்வது

அன்பு வரம் என்றால் பயிற்சி எதற்கு? "உங்கள் இரட்சிப்பு நிறைவேறப் பிரயாசப்படுங்கள்" என்று சொன்ன கையோடு பவுல், விருப்பத்தையும் செய்கையையும் உங்களில் உண்டாக்குகிறவர் தேவனே என்கிறார் (பிலிப்பியர் 2:12, 13). பிறந்த குழந்தை தன் வீட்டாரின் அன்பைச் சம்பாதிப்பதில்லை. ஆனால் அந்த வீட்டின் பேச்சையும் பழக்கத்தையும் கற்க ஆண்டுகள் ஆகும், அதில் விழுந்தெழுதலும் உண்டு. பயிற்சிக்கு இடம் அங்கேதான்.

புதியவருக்கு ஏற்றது, இயேசு சபைத் துறவியரின் நிறுவனர் புனித இஞ்ஞாசியார் 16-ம் நூற்றாண்டில் வகுத்துத் தந்த அன்றாட ஆன்ம ஆய்வு. இரவில் 10 முதல் 15 நிமிடம் போதும். முதலில் அன்றைய நாளில் பெற்றவற்றுக்கு நன்றி. இரண்டாவது, நாளை உள்ளபடி பார்க்க வெளிச்சம் தரும்படி வேண்டுதல். மூன்றாவது, காலையிலிருந்து மணிவாரியாக நினைவைப் புரட்டுதல். நான்காவது, தவறியவற்றுக்கு மன்னிப்பு. ஐந்தாவது, நாளைக்கு ஒரு தீர்மானம். பெரும்பாலோர் செய்யும் தவறு, முதல் படியைத் தாண்டி நேரே மூன்றாவதுக்குப் போவது. அப்போது இது பாவப் பட்டியலாகிவிடும், ஒரு மாதத்தில் சலித்து நின்றுவிடும். நன்றி முதலில் வருவதற்குக் காரணம் அந்தப் பழைய வரிசைதான். தீர்மானமும் சின்னதாக இருக்கட்டும். "நாளையிலிருந்து கோபப்பட மாட்டேன்" என்பது ஒரு நாள்கூடத் தாங்காது. "அலுவலகத்தில் இன்னாருக்கு நானே முதலில் வணக்கம் சொல்வேன்" என்றால் செய்தோமா இல்லையா என்று மறுநாள் இரவு தெரிந்துவிடும்.

தனியாகச் செய்யாதீர்கள். 1 கொரிந்தியர் 13-ன் "அன்பு நீடிய சாந்தமும் தயவுமுள்ளது" என்ற வரிகளைக் கல்யாண அட்டைகளில் அச்சடிக்கிறோம். பவுல் அவற்றை எழுதியது, கட்சி பிரிந்து வழக்காடி, திருவிருந்தில்கூட ஏழைகளைப் பசியோடு விட்ட ஒரு சபைக்கு. நீடிய சாந்தத்தைப் பழக, எரிச்சலூட்டும் மனிதர்கள் தேவை. சபையில் அவர்களுக்குக் குறைவிருக்காது.

விழும்போதும் வறண்டுபோகும்போதும்

"நான் விரும்புகிற நன்மையைச் செய்யாமல், விரும்பாத தீமையையே செய்கிறேன்" என்று எழுதியவர் பவுல். பேதுருவோ கரிநெருப்பருகே குளிர்காய்ந்தபடி மூன்று முறை இயேசுவை மறுதலித்தவர். உயிர்த்தெழுந்த இயேசு கடற்கரையில் அவருக்காகக் கரிநெருப்பில் மீன் சுட்டு வைத்துக் காத்திருந்ததாக யோவான் 21 சொல்கிறது. முதலில் சாப்பாடு. பிறகு "என்னை நேசிக்கிறாயா" என்று மூன்று முறை கேள்வி. ஒவ்வொரு பதிலுக்கும் பின் ஒரு பொறுப்பு: என் ஆடுகளை மேய்ப்பாயாக. பேதுருவின் தவறு மறைக்கப்படவில்லை, மூன்று முறை தொடப்பட்டது. தவறியவர்களை உட்கார வைத்துச் சாப்பாடு போட்டு, உண்மையைப் பேசி, மறுபடி வேலை கொடுக்கும் சபை இதிலிருந்துதான் கற்றுக்கொண்டிருக்கும். பணத்திலோ குழந்தைகள் பாதுகாப்பிலோ தவறியவருக்கு அதே பொறுப்பைத் திரும்பக் கொடுக்க வேண்டும் என்று இதற்குப் பொருளில்லை. செய்ய வேறு வேலைகள் ஏராளம் உண்டு.

இன்னொன்று, கடவுளின் அன்பை உணராத காலங்கள் வரும். அன்னை தெரசா ஏறக்குறைய 50 ஆண்டுகள் உள்ளத்தில் இருளோடு வாழ்ந்ததை அவர் இறந்தபின் 2007-ல் வெளியான கடிதங்கள் காட்டின. அந்த ஆண்டுகளில்தான் அவர் கல்கத்தாவின் தெருவோரங்களில் சாகக் கிடந்தவர்களைத் தூக்கிக்கொண்டிருந்தார். சங்கீதம் 88 நம்பிக்கை வார்த்தையில் முடியாமல் இருளிலேயே முடிகிறது, அதையும் ஜெபப் புத்தகத்திலிருந்து யாரும் எடுத்துவிடவில்லை. உணர்வு வற்றினால் ஆன்ம ஆய்வை ஐந்து நிமிடமாகக் குறையுங்கள், நிறுத்த வேண்டாம். சொந்த வார்த்தை வராவிட்டால் சங்கீதம் 13-ஐ அப்படியே வாசியுங்கள், ஆறே வசனம்தான். தூக்கமும் பசியும் கெட்டு வாரக்கணக்கில் நீடித்தால், உயிர்மேல் வெறுப்பு வந்தால், அதை ஆன்மிக வறட்சி என்று தள்ளிப்போடாமல் மனநல மருத்துவரைப் பாருங்கள். மருந்து எடுத்துக்கொள்வது அவிசுவாசமில்லை.